ஓநாயின் பிள்ளைகள்

ஓநாய் என்றதும் நம் மனத்தில் எழுவது ஆயன் விரட்டும் பகையே. மந்தையையே வாழ்வாகக் கொண்ட எந்த மக்களும் அவ்வாறுதான் எண்ணியிருப்பர் என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன். மத்திய ஆசியப் புல்வெளிகளில் ஆடும் குதிரையும் மேய்த்த பழந்துருக்கியரின் தொன்மங்கள் அந்நம்பிக்கையைக் கலைத்துவிட்டன. அவர்கள் ஓநாயைத் தாய் என்றார்கள்.

552ஆம் ஆண்டில் பேரரசு கண்ட கோக்துருக்கியரின் பிறப்புக் கதையைச் சீன அரச வரலாறுகள் பதிந்து வைத்துள்ளன. பகைவர் ஒரு குலத்தையே அழிக்கின்றனர். பத்து வயதுச் சிறுவன் ஒருவனை மட்டும் கொல்ல மனமின்றி, பாதங்களை வெட்டிச் சதுப்பு நிலத்தில் எறிந்துவிட்டுச் செல்கின்றனர். பெண் ஓநாய் ஒன்று இறைச்சி கொணர்ந்து அவனை வளர்க்கிறது. (உரோமை நகரின் ஓநாய் பால் தந்தது, இதுவோ வேட்டையைப் பகிர்ந்தது.) வளர்ந்த அவனால் அது கருவுறுகிறது, அவன் கொல்லப்படும் வேளையில் தப்பி, துர்ஃபானுக்கு வடக்கேயுள்ள மலைக்குகையில் பத்து மைந்தரை ஈனுகிறது. அவர்களுள் ஒருவனே அரச குலமாகிய அஷினாவின் முதல்வன். அக்குலத்தின் கொடிக்கம்ப உச்சியில் பொன்னாலான ஓநாய்த் தலை இருந்ததாம்.

குருமடத்தில் இறையியல் பயின்ற எம்போன்றோர்க்கு ஒரு பழக்கம் உண்டு. வானகம், மண்ணகம் என்று இரு கட்டம் வரைந்து எல்லாவற்றையும் எதிரெதிரே நிறுத்திவிடுவோம். இக்கதையையும் நான் முதலில் அப்படித்தான் படித்தேன். குகையும் விலங்கும் மண் சார்ந்தவை; தெங்ரி என்னும் வானக் கடவுள் பின்னர் வந்து அவற்றை வென்றார் என எண்ணினேன். அது பிழையான வாசிப்பு. கோக்துருக்கிய ககான் ஆண்டுதோறும் பெருமக்களுடன் முன்னோர் குகைக்குச் சென்று பலியிட்டதாக எழுதும் அதே சீன நூல், ஐந்தாம் திங்களில் ஆற்றங்கரையில் கூடி வானத்துக்குப் பலியிட்டதையும் எழுதுகிறது. மன்னன் ஒருவனே இரண்டுக்கும் தலைமை தாங்கினான்.

அவர்களே எழுதியவை என்ன சொல்கின்றன? மங்கோலியாவின் ஓர்கோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் குல் தெகின் நினைவாக 732இல் ஒரு கல்வெட்டு நிறுவப்பெற்றது. இதன் எழுத்தை 1893இல் டென்மார்க் அறிஞர் வில்ஹெல்ம் தாம்சன் படித்தறிந்தார். மேலே நீலவானும் கீழே பழுப்பு மண்ணும் ஆனபின், இரண்டுக்கும் நடுவே மனிதர் ஆயினர் என்று அது முன்னோர் வரலாற்றைத் தொடங்குகிறது. ஆக்கியவர் யார் என்பதை அவ்வினைச்சொல் சொல்லவில்லை. தம் மக்கள் அழியலாகாது என்று முடிவெடுக்கும் இடத்திலோ, துருக்கியரின் வானமும் அவர்தம் புனித நிலமும் நீரும் ஒரே குரலாய்ப் பேசுகின்றன. ஓநாய் மூதாதை இக்கல்லில் இல்லை. அவ்விலங்கு ஓர் உவமையாகவே வருகிறது: தந்தையின் படை ஓநாய், பகைவர் ஆடுகள்! மந்தைக்குச் சொந்தக்காரன் தன்னை ஓநாய் என்கிறான். இவ்வுவமையை அதன் அழகுக்காக மட்டும் என்னால் பாராட்ட இயலவில்லை. வென்றவன் வாய்ச்சொல் அது. ஆடுகளாய் நின்றவர் கல்வெட்டு எழுதவில்லை.

பாரிஸ் நூலகத்தில் உய்குர் எழுத்துச் சுவடியாக உள்ள ஓகுஸ் கானின் கதை இன்னும் நுட்பமானது. ஓகுஸ் வேண்டுதல் செய்கையில் வானிலிருந்து இறங்கிய நீல ஒளிக்குள் முதல் மனைவியைக் காண்கிறான். அவள் பெற்றவர் ஞாயிறு, திங்கள், விண்மீன். ஏரி நடுவே நின்ற மரத்தின் பொந்தில் இரண்டாமவளைக் காண்கிறான்; அவள் பெற்றவர் வானம், மலை, கடல். மண்ணின் மகள் தன் தலைமகனுக்கு வானத்தின் பெயர் பெறுகிறாள்! இறுதியில் மூத்த மூவர்க்கு வில்லும் இளையோர்க்கு அம்புகளும் கிடைக்கின்றன. எய்வது வில்; ஆகவே மேல், கீழ் என்னும் வரிசை இருக்கவே செய்கிறது. ஆனால் பகை இல்லை. படைக்கு வழிகாட்ட விடியற்பொழுதில் ஒளிக்கதிரினின்று வெளிப்படும் ஓநாயின் உரோமமும் பிடரியும் வான்நிறம். 'கோக்' என்னும் ஒரே சொல் அம்மொழியில் நீலத்தையும் வானத்தையும் குறிக்கும். குகையில் ஈன்ற விலங்கு இங்கே வானின் நிறத்தையே உடுத்தி வருகிறது.

பகை தெளிவாகத் தெரிவது அல்தாய் மலைக் கதைகளில்தான். இவற்றை 19ஆம் நூற்றாண்டில் ராத்லோவ் என்னும் அறிஞரும், வெர்பிட்ஸ்கி என்னும் இரஷ்ய மறைப்பணியாளரும் சேகரித்தனர். கீழுலகத் தலைவன் எர்லிக் அங்கே படைத்தவரை எதிர்க்கிறான். விலக்கப்பட்ட மரக்கிளைகளும் பாம்பும் கூட உண்டு. நம் தொடக்கநூல் அங்கும் இருக்கிறதே என்று மகிழ்வோர் சற்றுப் பொறுக்க வேண்டும். கிழக்குத் திருச்சபை பல நூற்றாண்டுகள் துருக்கியரிடையே வாழ்ந்தது; இசிக்குல் ஏரிப் பகுதியில் அவர்களுடைய சிரியாக் கல்லறைக் கற்கள் கிடைத்துள்ளன. கதை அவ்வழியே போயிருக்கலாம்.

எனினும் அக்கதையின் தொடக்கம் பழைய நீரின் மணத்துடன் இருக்கிறது. எங்கும் வெள்ளம், அதன்மேல் இரு கரிய வாத்துகளாய்ப் படைத்தவரும் மற்றவனும் பறக்கின்றனர். அவன் மூழ்கி மண் எடுத்து வருகிறான். ஒரு பிடியை வாய்க்குள் ஒளித்துக்கொள்கிறான். நிலம் வளர, வாயிலிருந்த மண்ணும் வளர்ந்து மூச்சை அடைக்கிறது. துப்பு என்கிறார் படைத்தவர். அவன் துப்பிய மண்ணே மேடுகளும் சதுப்புகளும் ஆயிற்று.