‘பிறபொருள்’ பொருந்துமா?

‘ஆன்டிஜென்’ என்பதற்குப் ‘பிறபொருளெதிரியாக்கி’ என்னுங் கலைச்சொல் தமிழில் வழங்குகிறது. இஃது ஆராயத்தக்கது. பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை ஆண்டுதோறும் தலைகாட்டும் டிங்கிக் கிருமியை எடுத்துக்கொள்வோம். உடற்காப்பை முடுக்கிவிடும் ‘உதவி டி உயிரணு’ அக்கிருமியை முழுதாகக் காண்பதில்லை. வேறோர் உயிரணு அதனை விழுங்கிச் சிதைத்து, அதன் புரதத் துணுக்கை எச்.எல்.ஏ. என்னும் தன் மூலக்கூறாகிய தட்டில் ஏந்திக் காட்டுகிறது. தட்டும் துணுக்கும் சேர்ந்தாலன்றி அடையாளம் இல்லை. தட்டோ நம்முடையது, சிலவேளை துணுக்கும் நம்முடையதே! முதல் வகை நீரிழிவில் உடல் தன் இன்சுலின் துணுக்கையும் பகையெனக் கொள்கிறது. ஆங்கே ‘பிறபொருள்’ ஏது? சொல் பிழைத்தால் மாணவர் நோயின் காரணத்தையே பிழைபடக் கற்பர். ‘காப்புத்தூண்டி’ எனலே சாலும் என்பது எம் கருத்து. ஆசிரியப் பெருமக்கள் ஆய்ந்து உரைப்பார்களாக.