ஆயிரம் பிரதிச் சங்கீதம்

தாளைப்போல மெலிந்ததும், விரலால் அழுத்தினால் வளைந்து கொடுப்பதுமான ஒரு பிளாஸ்டிக் இசைத்தட்டு என் மேஜைமேல் கிடக்கிறது. ஃப்ளெக்ஸி என்று அதற்குப் பெயர். 1980களின் இங்கிலாந்தில், ஜெராக்ஸ் எடுத்து ஸ்டேபிள் அடித்த ரசிகர் பத்திரிகைகளுக்கு நடுவே செருகி இனாமாக வழங்கப்பட்ட ஜாதியைச் சேர்ந்தது அது. ரெக்கார்டு பிளேயரில் வைத்தால் கனம் போதாமல் வழுக்கும். ஊசி ஓரிடத்திலேயே நின்று முனகும். ஆகவே தட்டின் நடுப்புறத்தில் ஒரு நாணயத்தை வைத்து ஓட்டவேண்டும் என்பது அந்நாளைய ரசிகர்கள் கண்டறிந்த கைவைத்தியம். நான் ஐந்து ரூபாய்க் காசு வைத்து ஓட்டினேன். இரண்டரை நிமிஷத்தில் முடிந்துபோன அந்தப் பாட்டில் கிதார் சுருதி சேரவில்லை. பாடியவருக்கு மேல் ஸ்தாயி எட்டவில்லை. எட்டாது என்று தெரிந்தும் அவர் அங்கே போய்த்தான் பார்த்தார். அதற்காகவே மூன்று முறை கேட்டேன்.

இண்டிபாப் என்று இன்று சொல்லப்படும் இந்தச் சங்கீதத்தின் பெயரில் உள்ள ‘இண்டி’ என்பது, ஆதியில் ஸ்வரத்தையோ தாளத்தையோ குறித்த சொல்லன்று; வெறும் வியாபார விவரம் அது. பெரிய கம்பெனிகளின் லாரிகளில் ஏறாமல் சுயேச்சையான விநியோகஸ்தர் மூலம் கடைக்குப் போகும் தட்டுகளுக்கென்று தனி விற்பனைப் பட்டியல் ஒன்று 1980 ஜனவரியில் பிரிட்டனில் தொடங்கியபோது, அதில் இடம்பெறுவதற்குத் தட்டு போய்ச்சேர்ந்த வழிதான் யோக்கியதாம்சமாக இருந்ததேயொழிய, அதில் என்ன பாடியிருக்கிறது என்பது பொருட்டாக இருக்கவில்லை. மூன்று வருஷம் முன்னதாகவே மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழுவினர் 500 பவுண்டு கடன் வாங்கித் தங்கள் ‘ஸ்பைரல் ஸ்க்ராட்ச்’ தட்டை 1,000 பிரதிகள் அச்சிட்டு, அது பதினாறாயிரம் வரை விற்கக் கண்டிருந்தார்கள். 1978இல் ஸ்க்ரிட்டி பொலிட்டி குழுவினர் ஒருபடி மேலே போய், ஒலிப்பதிவுக்கு இவ்வளவு, அச்சுக்கு இவ்வளவு என்று தட்டுக்கு ஆன செலவுக் கணக்கை உறைமேலேயே பிரசுரித்துவிட்டார்கள். சமையற்குறிப்புபோல அதைப் படித்தவர்கள் அடுக்களையில் இறங்கியதில் ஆச்சரியம் என்ன?

அப்படி இறங்கியவர்களின் மனத்தில் 1960களின் இனிய மெட்டுகள் ரீங்கரித்தன. கையில் பழகாத கிதார் இருந்தது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரமே இண்டிபாப்பின் லட்சணம் என்பது என் அபிப்பிராயம். கிளாஸ்கோவில் ஆலன் ஹார்ன் நடத்திய போஸ்ட்கார்டு ஸ்தாபனம் 1980இல் ஆரஞ்சு ஜூஸ் குழுவின் முதல் தட்டை வெளியிட்டபோதே அந்தத் தூரம் நன்றாகக் கேட்டது. 1986இல் ‘நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ்’ பத்திரிகை 22 குழுக்களைத் தொகுத்துத் தபால் மூலம் விற்ற ‘சி86’ என்ற கேசட், காலப்போக்கில் இந்த இனத்துக்கே பெயராகிவிட்டது. ஆனால் அதை முழுவதும் கேட்டவர்களுக்குத் தெரியும், அதிலுள்ள பாக்‌ஷெட், ஸ்டம்ப் முதலிய குழுக்கள் கரடுமுரடாக முட்டி மோதுகிறவர்கள் என்பது. ‘சி86 போன்ற ஒலி’ என்று ஜனங்கள் சொல்லுகிற மென்மை அதில் பாதிக்குமேல் கிடையாது. பெயரைக் கொடுத்தது பெரும்பாலும் முதற்பாட்டான ‘வெலாசிட்டி கேர்ல்’தான். பிரைமல் ஸ்க்ரீம் குழு ஒரு தட்டின் பின்பக்கத்துக்கென்று போட்டுவைத்த, ஒன்றரை நிமிஷம்கூட ஓடாத பாட்டு அது. அக்குழு சில வருஷங்களில் வேறு திசையில் போய்ப் பெருங்கீர்த்தி அடைந்தது. பின்பக்கத்துப் பாட்டோ அமெரிக்காவின் மேரிலாந்தில் ஒரு புதிய குழுவுக்குப் பெயராகிப் போயிற்று.

மறக்கப்பட்டவர்களைப் பற்றிப் பேசும்போது டாலி மிக்ஸ்சர் என்ற கேம்பிரிட்ஜ் பெண்கள் மூவரைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வருவதில்லை. 1980இல் ஒரு பெரிய கம்பெனி அவர்களை எடுத்துக்கொண்டு, சொந்தப் பாட்டுகள் கைவசம் இருக்கையில் பிறர் பாடிப் பழசான பாட்டொன்றைப் பாடவைத்து முதல் தட்டாக வெளியிட்டது. அந்த உறவு நீடிக்கவில்லை. 1982இல் கேப்டன் சென்சிபிள் பாடிய ‘ஹாப்பி டாக்’ பிரிட்டனில் முதலிடம் பிடித்தபோது, அதில் பின்பாட்டாகக் கேட்ட குரல்கள் இவர்களுடையவை. தேசம் முழுவதும் அக்குரல்களைக் கேட்டது. யாருடையவை என்று கேட்டவர்கள் சொற்பம். கடைசியில் தங்கள் பரிசோதனைப் பதிவுகளைத் திரட்டி ‘டெமான்ஸ்ட்ரேஷன் டேப்ஸ்’ என்ற இரட்டைத் தட்டாகத் தாங்களே வெளியிட்டார்கள். படமில்லாத வெள்ளை உறை, அதன்மேல் ரப்பர் ஸ்டாம்பு, மூவரின் கையெழுத்து. அச்சிட்டது ஆயிரம் பிரதி. பின்னால் செயின்ட் எட்டியன் குழுவினர் தங்கள் சொந்த முயற்சியால் 1995இல் அதை மறுபதிப்புச் செய்தார்கள். மூவரில் ஒருவரான டெப்ஸி வைக்ஸ் அந்தக் குழுவோடு பாடவும் செய்தார். இந்தப் பதிவுகளின் மெருகின்மை வறுமையால் வந்ததே தவிர வேண்டுமென்று செய்ததல்ல. அதை ஒரு கொள்கையாக்கிப் புகழ்வது அவர்களுக்குச் செய்யும் நியாயமாகாது.

மெருகின்மையைக் கொள்கையாகவே வைத்துக்கொண்டவர்கள் பிரிஸ்டல் நகரத்தில் இருந்தார்கள். கிளேர் வாட், மேட் ஹெய்ன்ஸ் என்ற இரு ரசிகர் பத்திரிகை ஆசிரியர்கள் 1987இல் தொடங்கிய சாரா ரெக்கார்ட்ஸ், ஏழங்குலத் தட்டைத் தன் பிரதான வடிவமாக வரித்துக்கொண்டது. ஒரே பாட்டைச் சின்னத் தட்டிலும் பெரிய தட்டிலுமாக இருமுறை விற்று ரசிகரின் பையைக் காலி செய்வதை அவர்கள் அதர்மமாகக் கருதினார்கள். முதல் எண்ணாக சீ அர்ச்சின்ஸ் குழுவின் ‘பிரிஸ்டின் கிரிஸ்டீன்’ வந்தது. நான்காம் எண்ணோ ஒரு பத்திரிகை. ஐம்பதாம் எண் தாயக்கட்டம்போல மேஜையில் விரித்து ஆடும் ஒரு விளையாட்டு! ஃபீல்ட் மைஸ், ஆர்க்கிட்ஸ், பிரைட்டர் என்று உள்நாட்டுக் குழுக்களோடு, சிட்னியிலிருந்தும் மெல்போர்னிலிருந்தும் வந்த குழுக்களும் இடம்பெற்ற இந்தப் பட்டியல், 1995 ஆகஸ்டில் நூறாம் எண்ணோடு, பிரிஸ்டலிலுள்ள ஒரு சந்தின் பெயரைத் தாங்கிய தொகுப்போடு, திட்டமிட்டபடி நிறுத்தப்பட்டது. நஷ்டத்தால் மூடியதல்ல, நூறு போதும் என்று மூடியது. கடையை மூடுகிறோம் என்பதற்கே பத்திரிகையில் விளம்பரம் கொடுத்த வியாபாரிகளை நான் வேறெங்கும் கண்டதில்லை.

சாராவின் காலத்தில் இவர்களைப் பத்திரிகைகள் பரிகசித்ததற்கு அளவில்லை. ‘ட்வீ’ என்ற சொல்லை, மழலையாகக் கொஞ்சுகிறது என்ற அர்த்தத்தில், எறிந்துகொண்டே இருந்தார்கள். அந்தப் பரிகாசத்தில் ஓரளவு உண்மை உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மழையும், ரயில் நிலையமும், பதில் வராத கடிதமும் இல்லாத பாட்டு அந்தப் பட்டியலில் அபூர்வம். ஆயினும் பரிகசித்தவர்கள் போற்றிய குழுக்களில் எத்தனையை இன்று யார் தேடுகிறார்கள்?

இவ்வளவு தட்டுகள் எப்படி மறைந்தன என்பதற்குக் காரணத்தை ரசனையில் தேடவேண்டியதில்லை. கிடங்கில் தேடினால் போதும். ரஃப் டிரேட் முதலிய பிராந்திய விநியோகஸ்தர்கள் ‘கார்ட்டல்’ என்ற பெயரில் கூட்டுச் சேர்ந்து, ஒரு மூலையில் அச்சான ஐந்நூறு தட்டை மற்றொரு மூலையிலுள்ள கடைக்குக் கொண்டுசேர்த்து வந்தார்கள். அந்த ஏற்பாடு தளர்ந்து, 1991இல் ரஃப் டிரேட் விநியோகமும் முறிந்தபோது, சின்ன ஸ்தாபனங்களுக்கு வரவேண்டிய பணமும் போயிற்று, போக்குவரத்து வழியும் போயிற்று. கூடவே சி.டி. வந்தது. ஒரே ஒரு ஏழங்குலத் தட்டோடு கலைந்துபோய் உத்தியோகத்துக்குச் சென்றுவிட்டவர்களின் பாட்டைச் சி.டி.யில் ஏற்ற எவருக்கு அக்கறை? பெர்லினிலிருந்து ஃபயர்ஸ்டேஷன் என்ற ஸ்தாபனம் ‘தி சவுண்ட் ஆஃப் லெமிங்டன் ஸ்பா’ என்ற தொகுப்பு வரிசையில் இத்தகையோரைத் தேடித்தேடிச் சேர்க்கத் தொடங்கியபோதுதான், மறைந்தவற்றின் ஜனத்தொகை எவ்வளவு என்பது ஒருவாறு புலப்பட்டது. கார்ட்டலின் கிளைகளில் ஒன்று அந்த லெமிங்டன் ஸ்பாவிலேயே இருந்தது என்பது ரசிக்கத்தக்க பொருத்தம்.

தேடுவதற்கு முறை என்று ஒன்று உண்டானால், அது உறையின் பின்புறத்தைப் படிப்பதுதான். நன்றி சொல்லும் வரியில் வரும் பெயர்கள், டிரம் வாசித்தவர் முன்பு எந்தக் குழுவில் இருந்தார் என்ற விவரம், தட்டின் உள்வட்டத்தில் கீறப்பட்ட எழுத்துகள், தொடர்புக்கென்று கொடுத்த முகவரி, இவற்றைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரு தட்டு ஒன்பது தட்டுகளைக் காட்டும். சில சமயம் உறைகூட வேண்டியதில்லை. ஆக்ஸ்போர்டில் இரண்டு பெண்கள் பாஸ்டல்ஸ் என்ற கிளாஸ்கோ குழுவின் பேட்ஜைத் தத்தம் உடையில் குத்திக்கொண்டிருந்ததால் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொண்டு 1986இல் தலூலா காஷ் குழுவைத் தொடங்கினார்கள். அவர்களில் எலிஸபெத் பிரைஸ் 2012இல் காட்சிக்கலைஞர்களுக்குரிய டர்னர் பரிசு பெற்றார்; அமீலியா ஃப்ளெட்சர் வர்த்தகப் போட்டிக் கொள்கையில் வல்ல பொருளாதாரப் பேராசிரியையானார்.

மறுபுறம், அபூர்வத்தையே குணமாகக் கொண்டாடும் சேகரிப்பாளர் மோகத்தை நான் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். முந்நூறு பிரதி மட்டும் அச்சானதற்கு முந்நூறு பேருக்குமேல் வேண்டாதிருந்ததும் ஒரு காரணமாயிருக்கலாம். தூசு தட்டிக் கேட்ட பத்துத் தட்டில் ஏழு, மறதிக்கே உரியவையாக இருந்தன. மிச்சம் மூன்றுக்காகத்தான் இத்தனை பிரயாசையும்.

அந்த மூன்று யார் காதில் விழும் என்பதைத்தான் முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை. கிளாஸ்கோவின் வாஸலைன்ஸ் இரண்டு சிறு தட்டும் ஒரு முழுத்தட்டும் போட்டுவிட்டுக் கலைந்தார்கள். அமெரிக்காவின் வடமேற்குக் கோடியிலிருந்த கர்ட் கோபேன் அவற்றைக் கேட்டுவிட்டு, தம் நிர்வாணா குழுவைக் கொண்டு அவர்களுடைய பாட்டுகளில் மூன்றைப் பதிவுசெய்தார். டோக்கியோவின் ஃப்ளிப்பர்ஸ் கிதார் குழு 1989இல் தன் முதல் தட்டுக்கு ஆரஞ்சு ஜூஸ் பாட்டொன்றின் தலைப்பையே வைத்துக்கொண்டது. 2009இல் நியூயார்க்கின் பெயின்ஸ் ஆஃப் பீயிங் ப்யூர் அட் ஹார்ட் குழுவின் முதல் முழுத்தட்டைக் கேட்ட நான், அது இருபத்திரண்டு வருஷம் முன்னால் பிரிட்டனில் அச்சானது என்று நினைத்து ஏமாந்தேன், ஏமாந்ததில் வெட்கப்படவில்லை.

தலூலா காஷின் வழித்தோன்றலாக அமீலியா ஃப்ளெட்சர் அமைத்த ஹெவன்லி, டிரம் வாசித்துவந்த அவருடைய சகோதரர் 1996இல் காலமானதோடு நின்றுபோன குழு. 1991இல் சாரா வெளியிட்ட அதன் முதல் முழுத்தட்டு, 2022இல் குழுவினரே நடத்தும் ஸ்கெப் வாக்ஸ் ஸ்தாபனத்தின் மூலம் மறுபதிப்பாக வெளிவந்தது. இத்தகைய மறுபதிப்புகளைக் கடைக்காரர்கள் பழைய தட்டுப் பெட்டியில் போடுவதில்லை. வாசலுக்கருகே, புதுவரவு என்று எழுதிய பலகைக்குக் கீழே அடுக்குகிறார்கள்.