பெயரும் காலமும்: சீனப் பசுமெருகுக் கலங்களின் விவரண மொழி

பழைய சீனக் கலம் ஒன்றின் காலத்தைக் கணிப்போர் முதலில் அதனைக் கவிழ்த்து அடிவளையத்தைப் பார்ப்பர். மெருகு படியாத அவ்விடத்தில்தான் மண்ணின் நிறமும் சூளையின் செயலும் வெளிப்படும். செஜியாங் மாநிலத்து லோங்ச்சுவான் சூளைகளில் சொங், யுவான் காலங்களில் செய்யப்பட்ட கலமாயின், சாம்பல் கலந்த வெண்மண்ணும், மெருகு முடியும் விளிம்பில் செங்காவி நிறமும் காணப்படும். மண்ணிலுள்ள இரும்பு, சூளை ஆறும் வேளையில் மீண்டும் உயிர்வளியோடு கூடுவதால் இந்நிறம் தோன்றுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜிங்தேஜென் நகரில் தூய வெண்மண்ணால் செய்யப்பட்ட கலங்களில் இச்சிவப்பு இயல்பாக எழுவதில்லை. ஆதலின், பழங்கலங்களைப் பார்த்து அங்குச் செய்யப்பட்டவற்றுள் பலவற்றின் அடிவளையத்தில் கருங்காவிக் குழம்பு பூசப்பட்டது.

கலத்தைக் கையில் ஏந்துவோர்க்கு இவ்வேறுபாடு புலப்படும். பட்டியலை மட்டும் படிப்போர்க்கோ சொல்லே சான்று. அருங்காட்சியகப் பட்டியல்களும் விற்பனைப் பட்டியல்களும் கையாளும் விவரண மொழி, காலத்தைப் பெரும்பாலும் சிறு சொற்களில் பொதிந்து வைக்கிறது. அச்சொற்கள் மொழிபெயர்ப்பில் கரையும்போது கலத்தின் வயது ஐந்நூறு ஆண்டுகள் கூடவோ குறையவோ நேர்கிறது.

செலடான் என்னும் பெயரே சீனத்திற்குரியதன்று. 1607 முதல் வெளிவந்த ஒனோரே த'உர்ஃபேயின் 'லாஸ்த்ரே' என்னும் பிரெஞ்சுப் புனைகதையில் வரும் ஆயன் ஒருவனின் பெயர் அது. அவனது வெளிர்பச்சை நாடாவால் முதலில் ஒரு நிறத்திற்கும், பின்னர் அந்நிறக் கலத்திற்கும் அப்பெயர் ஆகிவந்தது என்பது பெரும்பான்மையோர் கொள்ளும் விளக்கம். சலாதீன் என்னும் சுல்தானின் பெயரிலிருந்து வந்ததென்பாரும், வடமொழியின் 'சிலா', 'தர' என்னும் சொற்களை இணைத்துப் 'பச்சைக் கல்' எனப் பொருள் காண்பாரும் உளர். 'தர' என்பதற்குத் 'தாங்குவது' என்பதன்றிப் பச்சை என்ற பொருள் இல்லை. ஒலியொப்புமை ஒன்றையே பற்றி எழுந்த இவ்விளக்கம் இன்றும் நூலுக்கு நூல் படியெடுக்கப்படுவது வியப்புக்குரியது.

சீனர் இக்கலத்தை 'ச்சிங்-ட்சு' என்பர். 'ச்சிங்' பச்சையையும் நீலத்தையும் ஒருங்கே தழுவும் சொல். வெண்மண்ணில் நீல ஓவியம் தீட்டிய கலத்தைக் குறிக்கும் 'ச்சிங்-ஹுவா' என்பதிலும் இச்சொல்லே பயில்கிறது. தமிழர்க்கு இது புதுமையன்று. பசும்பொன்னைப் பச்சை நிறப் பொன் என எவரும் கொள்வதில்லை. இதனோடு வேறொரு இடரும் உண்டு. 1644 முதல் 1912 வரை ஆண்ட அரசமரபின் பெயரும் ச்சிங் என்பதே. எழுத்து வேறாயினும் ஒலியும் தொனியும் ஒன்றே. 'ச்சிங் கலம்' என்னும் தமிழ்த்தொடர் நிறத்தைச் சுட்டுகிறதா, காலத்தைச் சுட்டுகிறதா என அறிய வழியில்லை. போதாக்குறைக்கு, அரசவைச் சூளைக் கலத்தின் பெயரும், கலத்தின் அடியில் பொறிக்கும் முத்திரையின் பெயரும் சீனத்தில் வெவ்வேறு மெய்யொலிகளில் தொடங்க, தமிழ் எழுத்தில் இரண்டும் 'குவான்' என்றே அமைகின்றன.

'பச்சைக் கலம்' என்று பெயர்த்தால் சிக்கல் தீருமா? தமிழில் பச்சைக் கலம் சுடாத கலத்தையே குறிக்கும். 'பசுமட்கலம்' இன்னதென்பதைத் திருக்குறள் பயின்றோர் அறிவர். ஆயிரத்து இருநூறு பாகை செல்சியசை ஒட்டிய வெப்பத்தில், உயிர்வளி குன்றிய சூளையில் சுட்டால்தான் இந்நிறம் பிறக்கும். அத்தகைய கலத்தைச் சுடாத கலத்தின் பெயரால் அழைப்பது பொருளைத் தலைகீழாக்குவதாகும். பசுமையை மெருகின்மேல் ஏற்றிப் 'பசுமெருகுக் கலம்' என வழங்குவது பொருத்தம். 'ட்சு' என்பதன் எல்லையும் கருதத்தக்கது. ஐரோப்பியர் வெண்மையும் ஒளி ஊடுருவும் தன்மையும் உள்ளதையே பீங்கான் என்று கொண்டு லோங்ச்சுவான் கலங்களைக் 'கல்மட்கலம்' என ஒதுக்குவர். சீனரோ கடுஞ்சூட்டில் இறுகி, தட்டினால் கணீரென ஒலிப்பதை எல்லாம் ட்சு என்பர்.

கலத்தின் பெயர் துறைமுகத்திலிருந்து வருவதும் உண்டு. பர்மாவின் மார்த்தபான் துறைமுகத்தின் பெயரால் துருக்கியர் பசுமெருகுக் கலத்தை 'மெர்தெபானி' என்றனர். இஸ்தான்புல் தோப்காப்பி அரண்மனையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை உள்ளன. இந்தியில் அதே பெயர் ஊறுகாய்ச் சாடியாகிவிட்டது. இராமநாதபுரம் பெரியபட்டினத்து அகழாய்வில் லோங்ச்சுவான் ஓடுகள் கிடைத்திருப்பினும், தமிழ் வழக்கு இவை அனைத்தையும் பீங்கான் என்ற ஒரு சொல்லில் அடக்குகிறது.

ஒரு சொல் தன் பொருளைச் சென்றடைய எத்துணைக் காலம் ஆகலாம் என்பதற்கு 'மி-செ' சிறந்த சான்று. 'மறைநிறம்' எனப் பொருள்படும் இச்சொல் தாங் காலக் கவிதையில் யுவே சூளைக் கலங்களைக் குறித்து வருகிறது. எது மறை, எந்த நிறம் என்று பின்னையோர் நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்டனர். 1987இல் ஷான்ஷி மாநிலத்து ஃபாமென் கோயிலின் நிலவறை திறக்கப்பட்டது. 874இல் அது மூடப்பட்டபோது உள்ளே வைத்தவற்றின் பட்டியல் கல்லில் வெட்டப்பட்டிருந்தது. மறைநிறக் கிண்ணம் ஏழு, அவற்றுள் இரண்டு வெள்ளி விளிம்புடையன, தட்டுகள் ஆறு என்று அது எண்ணிச் சொல்கிறது. கலங்களும் உடனிருந்தன. பதினொரு நூற்றாண்டுகள் கழித்துச் சொல் தன் பொருளோடு சேர்ந்தது. ஆயின் பட்டியலின் பதின்மூன்றில் அடங்காத எண்பட்டைப் பூச்சாடி ஒன்றும் அங்கிருந்தது. அதனை மறைநிறக் கலமென்று சொல்வது கல்வெட்டன்று. ஏனையவற்றோடு அதன் மெருகை ஒப்பிட்ட ஆய்வாளரின் கண். பட்டியல்கள் பல இவ்விரு வகைச் சான்றுகளையும் ஒரே வாக்கியத்தில் கலந்துவிடுகின்றன.

ஜப்பானியர் வழங்கிய பெயர்கள் வேறொரு பாடம் தருகின்றன. 'கினுத்தா' என்பது துணி அடிக்கும் கொட்டாப்புளி. அவ்வடிவப் பூச்சாடிகளின் பெயராயிருந்து, தென்சொங் காலத்தை ஒட்டிய நீலம் கலந்த தடித்த மெருகின் பெயராக அது மாறியது. 'கினுத்தாக் கிண்ணம்' என்பதனைக் 'கொட்டாப்புளிக் கிண்ணம்' எனப் பெயர்த்தால் நகைப்புக்கிடமாவதோடு காலக்குறிப்பும் அழியும். யுவான், தொடக்க மிங் காலக் கலங்களுக்குக் கியோத்தோ கோயிலொன்றின் பெயரால் வழங்கும் 'தென்ரியூஜி' என்பதும், பிந்திய மிங் காலத்தனவற்றுக்குரிய 'ஷிச்சிகான்' என்பதும் இத்தகையனவே. இவற்றை மொழிபெயர்க்காது ஒலிபெயர்த்துக் காலத்தை அருகே தருதல் நன்று.

இனி, பெரிதும் ஊறுபடுவது 'ஃபாங்' என்னும் வினை. 1730களில் ஜிங்தேஜென் அரசுச் சூளையை மேற்பார்த்த தாங் யிங்கின் பெயரோடு வழங்கும் பட்டியலில், வெளிரும் அடர்வும் என இருவகை லோங்ச்சுவான் மெருகு 'ஃபாங்' செய்யப்பட்டதாகக் குறிப்பு உண்டு. அரண்மனை அனுப்பிய சொங் காலக் கலங்களைப் பார்த்து வேறு சில மெருகுகள் அமைக்கப்பட்டன என்றும் அது கூறுகிறது. இதனைப் 'போலி' எனப் பெயர்ப்பது பெரும்பிழை. அக்கலங்களின் அடியில் 'மாபெரும் ச்சிங், யோங்ஜெங் ஆண்டுகளில் செய்தது' என்று அவற்றின் சொந்தக் காலமே எழுதப்பட்டிருக்கும். ஏமாற்றும் நோக்கம் அங்கில்லை. 'பார்த்துச் செய்தது' அல்லது 'வழிச்செய்கை' என்பது பொருந்தும். போலிக்குச் சீனத்தில் 'யான்-பின்' எனத் தனிச்சொல் உண்டு.

முத்திரை வாசகமும் வெறும் கூற்றே. யோங்ஜெங் ஆட்சி 1723 முதல் 1735 வரை. அவ்வாசகமோ அதன் பின்னரும் எழுதப்பட்டு வருகிறது. பிற்காலத்தார் முற்காலப் பெயரைப் பொறிப்பதைச் சீன வல்லுநர் 'ஒப்படைத்த முத்திரை' என்பர். பழித்துரைக்காத நயமான சொல். 'யோங்ஜெங் முத்திரையும் காலமும்' என்னும் பட்டியல் தொடரில் காலத்தை உறுதி செய்வது 'காலமும்' என்ற ஈற்றுச் சொல்லே. 'யோங்ஜெங் முத்திரையுடைய பூச்சாடி' எனச் சுருக்குவோர், விற்பவரும் உறுதி சொல்லத் தயங்கியவற்றிற்குத் தாமே உறுதி தந்துவிடுகின்றனர். சொங் கால லோங்ச்சுவான் கலங்களில் இத்தகைய முத்திரை இடும் வழக்கமில்லை; இருந்தால் ஐயுறுவதே முறை.

நம்பத்தக்க எழுத்துச் சான்றுகள் வேறு வகையின. பெர்சிவல் டேவிட் தொகுப்பிலுள்ள லோங்ச்சுவான் பூச்சாடியொன்றில் 1327ஆம் ஆண்டுக்குரிய காணிக்கை வாசகம் உண்டு. கொரியாவின் சினான் கடலில் மூழ்கிய கப்பலின் சரக்கோடு கட்டிய மரச்சீட்டுகளில் 1323ஆம் ஆண்டு காணப்படுகிறது; அதனால் உடன்கிடந்த ஆயிரக்கணக்கான பசுமெருகுக் கலங்களுக்குக் கால எல்லை வகுக்க முடிந்தது. காணிக்கையாளரும் சரக்கு எழுத்தரும் பழமை காட்டி விலை ஏற்ற எண்ணியவரல்லர். வெப்ப ஒளிர்வுச் சோதனை கலம் இறுதியாகச் சூடேறிய காலத்தைத் தோராயமாகச் சொல்லும்; ஆயின் பழைய அடித்துண்டின்மேல் புதிய உடலை ஒட்டியிருந்தால், மாதிரி எடுத்த இடத்திற்கே அவ்விடை பொருந்தும்.

லோங்ச்சுவான் சூளைகள் 1950களில் அரசு முயற்சியால் மீண்டும் உயிர்பெற்றன; அவற்றின் மரபுவழிச் சுடுமுறை 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. அங்கு அதே மண்ணில், அதே வடிவில் இன்று செய்யப்படும் கொட்டாப்புளிப் பூச்சாடி வழிச்செய்கையா, தொடர்ச்சியா என்பதில் பட்டியல்களிடையே ஒருமை இல்லை. ஆண்டைக் குறித்துச் செய்தவர் பெயரையும் தரும் பட்டியல்கள் அவ்வினாவை எழுப்பாமலே கடந்துவிடுகின்றன. 'லோங்ச்சுவான் பாணி' என்று மட்டும் எழுதுவோர் பாணி என்பதற்குள் எண்ணூறு ஆண்டுகளை அடைத்து வைக்கின்றனர்.