பிழை பதிலில் இல்லை

நேர்முகத் தேர்வு வழிகாட்டி நூல்களில் பெண்களுக்கென்று ஒரு கேள்வி தவறாமல் இருக்கும்: ‘கல்யாணம் எப்போது?’ மணமானவர் என்றால், ‘குழந்தை?’ ‘கடினமான கேள்விகள்’ என்ற தலைப்பில், ‘உங்கள் பலவீனம் என்ன?’ என்பதற்குப் பக்கத்திலேயே அதை வைத்திருப்பார்கள். முகம் சுளிக்காமல், ‘இப்போதைக்கு வேலைதான் முக்கியம்’ என்று சிரித்தபடி சொல்லிவிட வேண்டுமாம். இரண்டையும் ஒரே வரிசையில் வைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பலவீனத்தைப் பற்றிக் கேட்டால் நல்ல பதிலும் உண்டு, மோசமான பதிலும் உண்டு. கருப்பையைப் பற்றிக் கேட்டால் நல்ல பதில் என்று ஒன்றுமே கிடையாது.

இதற்கு உச்ச நீதிமன்றம் வரை போன சான்று இருக்கிறது. 1989இல் எல்.ஐ.சி.யில் உதவியாளர் வேலைக்கு வந்த நீரா மாத்தூரிடம் ஒரு படிவத்தை நிரப்பச் சொன்னார்கள். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, கடைசியாக வந்த தேதி என்ன, எத்தனை முறை கருத்தரித்தீர்கள், கருச்சிதைவு உண்டா, இப்போது கர்ப்பமா என்றெல்லாம் அதில் கேட்டிருந்தது. வேலையில் சேர்ந்த சில மாதங்களில் அவருக்குக் குழந்தை பிறந்தது. தகுதிகாண் பருவம் முடியுமுன்பே வேலையிலிருந்து நீக்கினார்கள். படிவத்தில் பொய் சொன்னார் என்பது நிர்வாகத்தின் வாதம். அவருடைய வேலையில் குறை இருந்ததாக எந்தப் பதிவும் இல்லை. உண்மையைச் சொன்னால் வேலை தள்ளிப்போகும், மறைத்தால் பறிபோகும்.

1991இல் உச்ச நீதிமன்றம் அவரை மறுபடி வேலையில் சேர்க்கச் சொன்னது. அத்துடன், அந்தக் கேள்விகள் பெண்ணைக் கூச வைப்பவை, படிவத்திலிருந்தே எடுத்துவிட வேண்டும் என்றது. நயமாகப் பதில் எழுதக் கற்றுக்கொள் என்று அவரிடம் சொல்லவில்லை. நம் வழிகாட்டி நூல்கள் இன்னும் அந்த இடத்துக்கு வந்து சேரவில்லை.

படிவத்திலிருந்து போன கேள்வி வாய்க்கு வந்துவிட்டது. ‘வீட்ல மாப்பிள்ளை பாக்குறாங்களாம்மா?’ என்று அக்கறையாகக் கேட்டால் தடயம் இருக்காது. அந்த அக்கறைக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு பேறுகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு, ஈ.எஸ்.ஐ.க்குள் வராதவர்களுக்கு அந்தச் செலவு நிறுவனத்தின் தலையில். ஊரே பகிர வேண்டிய செலவை ஒரு முதலாளியிடம் விட்டால், அவர் அதை நேர்முகத் தேர்வு அறையிலேயே தவிர்க்கப் பார்க்கிறார். வெளியே காத்திருக்கும் ஆணும் நாளை தகப்பனாவான். அவனிடம் யாரும் கேட்பதில்லை. ஆள் எடுப்பதில் பெண் என்று பாகுபாடு காட்டக் கூடாது என 1976லேயே சம ஊதியச் சட்டம் சொல்லிவிட்டது.

சம்பளம் தேவைப்படுகிற பெண் அந்த நேரத்தில் சிரித்துச் சமாளித்தால் அவளை நான் குறை சொல்ல மாட்டேன். அதைத் திறமை என்று கற்பிக்கும் நூலைத்தான் சொல்கிறேன். அந்தப் பக்கத்தில் இன்னொரு வரியும் இருந்திருக்கலாம்: என்ன கேட்டார்கள், யார் கேட்டார்கள், எந்தத் தேதியில் என்று வெளியே வந்ததும் எழுதி வையுங்கள். நீரா மாத்தூருக்கு நீதிமன்றத்தில் காட்ட ஒரு காகிதம் இருந்தது.