உயிரின்மேல் பயபக்தியும் பூச்சிக்கொல்லியும்: ஆல்பர்ட் ஷ்வைட்சரின் அறநெறி பற்றி ஒரு திறனாய்வு

சென்ற மழைக்காலத்தின் முடிவில் நமது நூலகத்தின் அடித்தட்டு நூல்களைக் கறையான் பற்றிக்கொண்டது. பழைய பிரசங்கத் தொகுதிகள் சிலவற்றில் மேலட்டை மட்டுமே எஞ்சியிருந்தது; உள்ளே மண். சுவரடியில் துளையிட்டு மருந்து செலுத்த ஆட்கள் வந்திருந்தனர். அன்று காலை அறவியல் வகுப்பில் ஆல்பர்ட் ஷ்வைட்சரைப் பயின்றிருந்த மாணவர் ஒருவர் நம்மிடம் வந்து, "ஐயா, காலையில் படித்ததும் மாலையில் செய்வதும் முரணாக உள்ளனவே, இவற்றுள் எது நமது இறையியல்?" என்று வினவினார். அவ்வேளையில் நாம் கூறிய விடை நமக்கே நிறைவளிக்கவில்லை. அவ்வினாவை மீண்டும் எடுத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பூச்சிகளையும் எலிகளையும் கொல்வது இறையியல் ஏட்டில் ஆராயத்தக்க பொருளா என்று சிலர் ஐயுறலாம். ஆயின் குருமனையிலோ விடுதியிலோ தோட்டத்திலோ இதனைச் செய்யாதவர் நம்முள் ஒருவரும் இலர். நாள்தோறும் செய்வதும் ஒருபோதும் சிந்தியாததுமான செயலையே அறவியல் முதலில் விசாரிக்க வேண்டும்.

ஷ்வைட்சரின் கோட்பாடு

1875இல் அல்சாஸ் பகுதியில் பிறந்த ஷ்வைட்சர், இறையியல் அறிஞராகவும் இசை வல்லுநராகவும் புகழ்பெற்றபின் மருத்துவம் பயின்று, 1913இல் இன்றைய காபோன் நாட்டிலுள்ள லம்பரெனேக்குச் சென்றார். 1915 செப்டம்பரில் ஒகோவே ஆற்றில் படகில் செல்லுகையில், நீர்யானைகளைக் கடந்துபோன மாலை வேளையில், 'உயிரின்மேல் பயபக்தி' என்னும் சொற்றொடர் தம் உள்ளத்தில் உதித்ததாக அவர் எழுதுகிறார். அதனை 1923இல் வெளிவந்த தமது பண்பாட்டு மெய்யியல் நூலில் விரித்துரைத்தார்.

அவர் கருத்தின் சாரம் இதுவே: தன்னுள் வாழும் வேட்கையை உணர்கிற மனிதன், அதே வேட்கை புழுவிலும் புல்லிலும் இயங்குவதைக் காண மறுக்க இயலாது. எனவே உயிரைக் காப்பது நன்மை, அழிப்பது தீமை. உயிர்களுள் மேலென்றும் கீழென்றும் தரம் பிரிக்க மனிதனுக்கு உரிமையில்லை. தேவை கட்டாயப்படுத்தும்போது அவன் கொல்லலாம். ஆயினும் குற்றத்திற்கு உட்பட்டே கொல்கிறான். பசுக்களுக்காகப் புல்வெளி முழுவதையும் அறுத்த உழவன்கூட, வீடு திரும்பும் வழியில் ஒரு பூவை வீணே கிள்ளலாகாது என்பது அவர் காட்டும் எடுத்துக்காட்டு.

இக்கோட்பாட்டின் பெருமையை மறுப்பதற்கில்லை. மேனாட்டு அறவியல் நூல்கள் பெரும்பாலும் மனிதனோடு மனிதன் கொள்ளும் உறவோடு நின்றுவிட்ட காலத்தில், சிற்றுயிரை அறத்தின் எல்லைக்குள் கொணர்ந்தவர் அவர். இந்தியச் சிந்தனை பற்றி 1930களில் அவர் எழுதிய நூலில் திருக்குறளை மிக உயர்த்திப் பேசியது தமிழராகிய நமக்கு மகிழ்ச்சி தருவதே. எனினும், குருமனையில் எலி புகுந்தபோது வழிகாட்டுமா என்று கேட்டால், இக்கோட்பாடு மூன்று இடங்களில் தளர்கிறது.

முதலாவது: 'தேவை' என்னும் சொல்

தேவையின்றிக் கொல்லாதே என்கிறார் ஷ்வைட்சர். தேவை எது என்று வரையறுக்கவில்லை. அதனை அவரவர் மனச்சான்றே தீர்மானிக்க வேண்டும் என்று விட்டுவிடுகிறார். ஆனால் தரம் பிரிக்காமல் எவரும் தேவையைத் தீர்மானிக்க இயலாது. லம்பரெனேயின் முதல் ஆண்டுகளைப் பற்றி அவர் எழுதிய நூலிலேயே இதற்குச் சான்று உண்டு. படையெடுத்து வரும் எறும்புகள் இரவில் கோழிக்கூட்டை நெருங்கும்போது, வீட்டார் யாவரும் எழுந்தோடி, கிருமிநாசினி கலந்த நீரைத் தரையெங்கும் ஊற்றி அவற்றை ஆயிரக்கணக்கில் மாய்த்ததை அவர் விவரிக்கிறார். அங்கே காக்கப்பட்டது மனித உயிர்கூட அன்று, கோழிகள். தூக்க நோயின் கிருமிகளை நுண்ணோக்கியில் காணும்போது நோயாளிக்காக இவ்வுயிர்களைப் பலியிடுகிறோமே என்று வருந்தியதாகப் பிற்காலத்தில் எழுதினார். வருந்தினாரேயன்றி, கிருமிக்கும் நோயாளிக்கும் இடையே எவரைக் காப்பது என்று தயங்கியதில்லை. அது நன்றே. ஆயின் கோட்பாட்டில் மறுத்த தரவரிசையைச் செயலில் ஏற்றுக்கொண்டார் என்பதும், அதற்குக் கணக்கு ஒப்புவிக்கவில்லை என்பதும் நம் குறையீடு.

கார்ல் பார்த் 1951இல் வெளியான தமது திருச்சபைக் கோட்பாட்டியல் தொகுதியில் ஷ்வைட்சரை மதிப்போடு எடுத்துப் பேசி, இவ்விடத்திலேயே அவரை விட்டு விலகுகிறார். இறைவனின் கட்டளை மனிதனை நோக்கியே உரைக்கப்படுகிறது. ஆதலால் மனித உயிருக்கு முதன்மை உண்டு என்பது பார்த்தின் நிலை. ஆனால் இம்முதன்மை கொல்லும் உரிமைச்சீட்டு அன்று. விலங்கைக் கொல்பவன் தனக்குச் சொந்தமல்லாததை எடுக்கிறான், எனவே மனந்திரும்புதலோடும் நன்றியோடுமே அதைச் செய்யலாம் என்று அவர் எச்சரிக்கிறார். ஷ்வைட்சரின் துயரத்தை இழக்காமலே அவருக்கு இல்லாத ஓர் அளவுகோலைப் பார்த் தருகிறார் எனலாம்.

இரண்டாவது: குற்றம் பற்றிய கருத்து

எல்லாக் கொலையும் குற்றமே என்றால், தொட்டிலின்மேல் அமரும் கொசுவை அடிக்கும் தாயும், விளையாட்டுக்காக ஓணானைக் கல்லால் அடிக்கும் சிறுவனும் ஒரே வரிசையில் நிற்பர். எல்லாரையும் ஒருங்கே குற்றப்படுத்தும் சட்டம் உண்மையான குற்றவாளிக்கு ஒளிவிடமாகிவிடுகிறது. "யாவரும் பாவிகளே" என்று பொதுவில் அறிக்கையிட்டுத் தம் பாவத்தை மறைத்துக்கொள்வோரை ஆயர்களாகிய நாம் அறிவோம்.

திருமறை வேறு வழியில் செல்கிறது. ஆதியாகமம் 2:15இல் தோட்டத்தைப் பற்றி மனிதனுக்கு இடப்பட்ட கட்டளையில் இரு எபிரேய வினைகள் உள்ளன. ஒன்று 'ஆபத்', உழைத்தல், பணிசெய்தல் என்பது அதன் பொருள். மற்றது 'ஷாமர்', காத்தல், காவல்புரிதல் என்பது அதன் பொருள். காவல் என்பதில் தடுத்தலும் அடங்கும். திருவள்ளுவரும் கொல்லாமையைத் துறவறவியலில் வைத்துப் போற்றியவராயினும், செங்கோன்மை அதிகாரத்தில் (குறள் 550) பைங்கூழைக் காக்கக் களை பறிப்பதைக் குற்றமாகக் கருதாது உவமையாகவே ஆண்டிருப்பதை இங்கு நினைவுகூரலாம்.

அதே வேளையில் நமது பிரசங்க மேடைகளும் கண்டனத்திற்குத் தப்பா. ஆதியாகமம் 1:28ஐ மட்டும் எடுத்து, படைப்பனைத்தும் நம் காலின்கீழ் எனப் போதித்து வந்தோம். 'தீங்குயிர்' என்று ஓர் இனத்தைத் திருமறை படைப்பில் காட்டவில்லை. நமது இழப்பை வைத்து நாம் இட்ட பெயர் அது. யோவேல் முதலதிகாரத்தில் நான்கு பெயர்களால் சுட்டப்படும் பயிரழிக்கும் பூச்சிகளை, இரண்டாம் அதிகாரத்தில் கர்த்தர் தமது பெரிய சேனை என்றே உரிமை கொண்டாடுகிறார். யோனாவின் செடியை அரித்த பூச்சியும் அவர் ஆயத்தப்படுத்தியதே. நீதிமொழிகள் 30ஆம் அதிகாரம் எறும்பையும் வெட்டுக்கிளியையும் ஞானத்தின் ஆசிரியராக நிறுத்துகிறது. ஆகவே தோட்டக்காரன் தடுக்கலாம், வேண்டுமாயின் கொல்லலாம். வெறுக்கவும் வேரறுக்கவும் அவனுக்கு ஆணையில்லை.

மூன்றாவது: மறக்கப்பட்ட அயலான்

நம் கருத்தில் இதுவே மிகப் பெரிய குறை. ஷ்வைட்சர் காண்பது ஒரு கையையும் அக்கையின்கீழ் ஓர் உயிரையும் மட்டுமே. நம் காலத்தில் கொலை கையால் நிகழ்வதில்லை, புட்டியால் நிகழ்கிறது. டி.டி.டி.யின் பூச்சிகொல்லும் ஆற்றலை 1939இல் கண்டறிந்த பவுல் முல்லருக்கு 1948இல் நோபல் பரிசு கிடைத்தது. 1962இல் ராகேல் கார்சன் எழுதிய நூல், அம்மருந்து பூச்சியோடு நில்லாமல் மண்ணிலும் நீரிலும் பறவையிலும் சேர்ந்துகொண்டே போவதை எடுத்துக்காட்டியது. அந்நூலை அவர் ஷ்வைட்சருக்கே காணிக்கையாக்கினார் என்பது பொருத்தமானதே. ஆனால் மாணவி ஆசானைத் தாண்டிவிட்டார். ஓர் உயிரை ஏன் கொன்றாய் என்று ஆசான் கேட்டார். அதனைக் கொன்றதில் வேறு எவர் மாண்டார் என்று மாணவி கேட்டார்.

1984 டிசம்பர் 2ஆம் நாள் இரவில் போபாலில் கசிந்த மெத்தில் ஐசோசயனேட், தோட்டங்களிலும் வயல்களிலும் தெளிக்கும் கார்பரில் என்னும் பூச்சிக்கொல்லியைச் செய்வதற்காக அங்கே சேமிக்கப்பட்டிருந்தது. ஆயிரக்கணக்கான ஏழை மக்கள் மாண்டனர். உலகின் ஏதோ ஒரு மூலையில் ரோசாச் செடிக்கு அத்தூளைத் தூவியவரின் மனச்சான்று அவரைக் குற்றப்படுத்தியிராது. ஷ்வைட்சரின் அளவுகோலிலும் அவர் கொன்றது சில புழுக்களையே.

இதை நாம் ஏட்டறிவால் மட்டும் கூறவில்லை. பல ஆண்டுகளுக்குமுன் நாம் ஆயராயிருந்த சபையொன்றில், வீட்டில் எலிக்கென்று வாங்கி வைத்திருந்த மருந்து, மனமுடைந்த ஓர் இளம்பெண்ணின் கையில் அகப்பட்டது. அவளை நாமே அடக்கம் செய்தோம். மறுவாரம் ஆறுதல் கூறச் சென்றபோது அவள் தந்தை, "எலியைக் கொல்லத்தானே ஐயா வாங்கினேன்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அன்று நம்மிடம் சொல் இல்லை. பின்னர் இலங்கையைப் பற்றி அறிந்தோம். அங்கே மிகக் கொடிய பூச்சிக்கொல்லிகள் 1995இலும் 1998இலும் தடைசெய்யப்பட்டபின், 2005க்குள் தற்கொலை வீதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. கையெட்டும் தொலைவில் நஞ்சு இல்லாதிருந்தால் கடந்துபோகும் துயர வேளைகள் பல என்பதே இதன் பொருள். துயருற்றோரைச் சந்திக்கையில் அவர்கள் வீட்டில் என்ன வைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்பதும் ஆயர் பணியின் பகுதியே.

நடைமுறைக்குச் சில எண்ணங்கள்

மேற்கண்டவற்றிலிருந்து மூன்று வினாக்களை நாம் முன்வைக்கிறோம். இத்தேவை எவ்வாறு உண்டாயிற்று? இச்செயலின் விலையை எவர் செலுத்துகிறார்? தேவை முடிந்த இடத்தில் செயலும் முடிகிறதா?

டெங்குவைப் பரப்பும் கொசு வீட்டைச் சுற்றித் தேங்கும் நன்னீரில் முட்டையிடுகிறது. வாரம் ஒருமுறை தொட்டியையும் பூச்சாடித் தட்டையும் கவிழ்த்துத் தேய்த்தால், புகையடிக்கும் தேவை பெரிதும் குறையும். தென்னையின் காண்டாமிருக வண்டு எருக்குழியில் புழுவாக வளர்வது; குழியைக் கிளறிப் புழுக்களை அகற்றுவதும், குருத்தில் புகுந்த வண்டைக் கம்பியால் எடுப்பதும், மரமெல்லாம் நஞ்சூற்றுவதினும் மேல். அரிசியை மூடியுள்ள தகரத்தில் வைத்து, கதவடி இடுக்கை அடைத்தால் எலி வேறிடம் தேடும். கொல்ல நேரின் உடனே கொல்லும் பொறியே தகும். பசையட்டையில் ஒட்டிக் கதறவிடுவதும், கூண்டோடு வெயிலில் வைத்து மறந்துபோவதும் காவல் அல்ல, கொடுமை. இரத்தம் உறையாமற் செய்யும் எலிமருந்து சில நாள் கழித்தே கொல்லும். அவ்வெலியைத் தின்னும் கூகையும் சாகக்கூடும். எலிக்கு இயற்கைக் காவலனான சாரைப்பாம்பை அடித்துவிட்டு எலிமருந்து வாங்குவோர் நம்முள் இல்லையா? மருந்து தெளிக்க கூலிக்கு வருபவருக்கு முகமூடியும் கையுறையும் கொடாமல் நாம் தொலைவில் நிற்பது எவ்வகை அன்பு?

முடிவுரை

ஷ்வைட்சரிடமிருந்து நாம் விட்டுவிடலாகாதது ஒன்று உண்டு: களிப்பின்றிக் கொல்லுதல். குழந்தைகள் நம் முகத்தைப் பார்த்தே சிற்றுயிர்களை நடத்தக் கற்கின்றனர். ஆனால் அவர் துயரத்தோடு பார்த்தின் அளவுகோலும் கார்சனின் விசாரணையும் சேரவேண்டும். ஷ்வைட்சரைத் தனித்துக் கற்பித்தது வகுப்பறையில் நாம் செய்த பிழையென்று ஒப்புக்கொள்ளுகிறோம்.

இனி அம்மாணவரின் வினாவுக்கு வருவோம். மருந்து செலுத்தி முடிந்தபின் நாம் நூலகத்தின் பின்புறம் சென்று பார்த்தோம். கூரைநீர்க் குழாய் உடைந்து, இரண்டு மழைக்காலங்களாகச் சுவர் நனைந்துகொண்டிருந்தது. அலமாரிகள் அச்சுவரை ஒட்டியே நின்றன. பழுதுபார்க்கும் விண்ணப்பம் நூலகக் குழுவின் முன் இருமுறை வந்து, இருமுறையும் ஒத்திவைக்கப்பட்டது. அக்குழுவில் நாமும் இருந்தோம். அன்று மருந்தடித்தது தவறென்று நாம் கருதவில்லை. நூல்களைக் காக்க அப்போது வேறு வழியில்லை. ஆனால் அத்தேவையை உண்டாக்கியது கறையான் அன்று, நமது அசட்டையே. நமது குற்றம் மருந்தடித்த நாளிலன்று, குழாயை ஒத்திவைத்த நாளிலேயே தொடங்கியது. இவ்விடையை அம்மாணவரிடம் கூறினோம். குழாய் இப்போது செப்பனிடப்பட்டுள்ளது. அலமாரிகள் சுவரிலிருந்து ஒரு முழம் விலகி நிற்கின்றன.