கண்ணாடிக்கு வெளியே நிற்பவர்கள்

மழை கொட்டுகிறது. ஒரு பெரிய மாளிகையின் இரும்பு வேலியைப் பிடித்தபடி ஒரு பெண் நிற்கிறாள். உள்ளே விளக்கு வெளிச்சத்தில் அவள் பெற்ற மகளுக்குக் கல்யாணம். கூட்டத்தைக் கலைக்க வந்த போலீஸ்காரர் அவளையும் நகரச் சொல்கிறார். மாப்பிள்ளை முத்தமிடும்போது பெண்ணின் முகத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன் என்று கெஞ்சுகிறாள். பார்க்கிறாள். பிறகு கைக்குட்டையைப் பல்லில் கடித்துக்கொண்டு, அழுகையும் சிரிப்பும் கலந்த முகத்தோடு நம்மை நோக்கி நடந்து வருகிறாள். கிங் விடோர் 1937இல் இயக்கிய 'ஸ்டெல்லா டல்லாஸ்' இப்படித்தான் முடிகிறது. ஆலைத் தொழிலாளி வீட்டில் பிறந்து, மேல்வர்க்கத்தில் வாழ்க்கைப்பட்டு, அந்த வர்க்கத்தில் மகள் நிலைபெற வேண்டும் என்பதற்காகத் தன்னையே அவளிடமிருந்து வெட்டிக்கொண்ட தாய். பார்பரா ஸ்டான்விக் அந்தக் கடைசி நடையில் செய்திருப்பதை நடிப்பு என்று சொல்லவே எனக்கு மனம் வருவதில்லை.

ஜன்னலின் திரையை இழுத்து மூட வேண்டாம் என்று உள்ளே ஒருத்தி சொல்லியிருக்கிறாள். கணவன் மணந்துகொண்ட அடுத்த மனைவி ஹெலன்தான் அவள். வெளியே யார் நிற்கக்கூடும் என்பது அவளுக்குத் தெரியும். திறந்த திரையால் ஸ்டெல்லா பார்க்கலாம். உள்ளே வர முடியாது. வர்க்கம் கடந்த காதலை வைத்து ஹாலிவுட் எடுத்த துயரப் படங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தபோது, இந்தக் கண்ணாடி மறுபடி மறுபடி எதிர்ப்பட்டது. அமெரிக்கப் படங்களில் பணக்காரனுக்கும் ஏழைக்கும் நடுவே மதில் இருப்பதில்லை, கண்ணாடிதான் இருக்கிறது. மதில் என்றால் அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று தெரியாமலாவது வாழ்ந்துவிடலாம்.

இந்தப் படங்கள் ஏன் வர்க்கத்தை வாய்விட்டுப் பேசுவதில்லை என்பதற்கு ஒரு வெளிப்படையான காரணம் உண்டு. 1930இல் எழுதப்பட்டு, 1934 முதல் ஜோசப் பிரீன் தலைமையில் கண்டிப்பாக அமலுக்கு வந்த தயாரிப்பு விதிகள், பாவத்துக்குத் தண்டனை வேண்டும் என்றன. வறுமைக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி அவற்றில் இல்லை. ஆகவே பசியால் நடந்தது திரைக்கு வரும்போது பெண்ணின் களங்கமாக உருமாறியது. களங்கம் வந்துவிட்டால் கதை அவளைக் கொன்றாக வேண்டும்.

'வாட்டர்லூ பிரிட்ஜ்' படத்தின் இரண்டு வடிவங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர்களுக்கு இந்த உருமாற்றம் கண்கூடாகத் தெரியும். ராபர்ட் ஷெர்வுட் 1930இல் எழுதிய நாடகம் அது. ஜேம்ஸ் வேல் 1931இல் எடுத்தபோது மைரா காதலனைச் சந்திக்கும்போதே உடலை விற்றுப் பிழைப்பவள். மே கிளார்க் அவளைச் சோர்வோடும் கோபத்தோடும் நடித்தார். வாடகை பாக்கி, வயிற்றுப்பாடு என்று காரணங்கள் கண்முன்னே கிடக்கின்றன. கடைசியில் விமானக் குண்டு விழுந்து சாகிறாள். எம்.ஜி.எம். நிறுவனத்துக்காக மெர்வின் லீராய் 1940இல் எடுத்தபோது, மைரா பாலே நடனக்காரி. காதலன் ராய் போரில் இறந்துவிட்டதாகச் செய்தித்தாளில் படித்த பிறகுதான் அவள் தெருவுக்கு வருகிறாள். சாவும் இப்போது குண்டால் அல்ல. ராணுவ வண்டிகள் வரும் பாதையில் அவளே நடந்து போகிறாள்.

விதிகளுக்காகச் செய்த மாற்றம்தான். ஆனால் மைராவாக நடித்த விவியன் லீ கையில் அது வேறொன்றாக விளைந்துவிட்டது என்பது என் எண்ணம். இந்தப் படத்தில் கொடியவர் யாருமில்லை. ராயின் தாய் நல்லவள். ஸ்காட்லாந்தில் அவர்களுடைய பெரிய வீட்டில், சீமான் வீட்டுப் பெரியவரே மைராவோடு ஆடி ஊரார் வாயை அடைக்கிறார். எல்லாரும் அன்பாக இருக்கிறார்கள். அந்த அன்பில்தான் அவளுக்கு மூச்சு முட்டுகிறது. இந்தக் குடும்பத்தின் பெயருக்கு எது இழுக்கு என்பதை யாரும் அவளுக்குச் சொல்லத் தேவையில்லை. வழக்கைத் தானே தொடுத்து, தீர்ப்பையும் தானே எழுதிக்கொள்கிறாள். தொடக்கத்தில் ஒரு காலை நேரம்: மைரா தன் அறை ஜன்னல் வழியாகப் பார்க்கிறாள், கீழே மழையில் ராய் நிற்கிறான். படத்தில் மேல்வர்க்கத்தான் ஒருவன் வெளியே நிற்பது அந்த ஒரு தடவைதான். அவள் ஓடி இறங்கி வருகிறாள். தனக்காக யாரும் அப்படி இறங்கி வரத் தேவையில்லை என்று பிறகு அவளே முடிவு செய்வதால்தான் அந்த மழைக்காட்சி பின்னால் அவ்வளவு வலிக்கிறது. சீனாவில் இந்தப் படம் தலைமுறை தலைமுறையாகக் கொண்டாடப்படுகிறது. பிறந்த நாட்டைவிட அங்கேதான் அதற்கு ஆயுள் அதிகம்.

ஜார்ஜ் குக்கரின் 'கமீல்' (1936) இந்தப் படக் குடும்பத்தின் பாட்டி. 1847இல் இருபத்து மூன்று வயதில் காசநோயால் இறந்த மேரி டுப்ளெஸி என்ற பாரிஸ் பெண்ணை மனத்தில் வைத்து அவளுடைய காதலர்களில் ஒருவரான இளைய டூமா எழுதிய கதை அது. காதலனின் தகப்பனார் வந்து, என் மகனை விட்டுவிடு என்று கேட்கும் காட்சிக்குப் பிறகு வந்த வாரிசுகளை எண்ண முடியாது. கிரெட்டா கார்போ அந்தக் காட்சியில் எதிர்த்துப் பேசுவதைவிடக் கேட்டுக்கொண்டிருப்பதையே பெரிதாகச் செய்கிறார்.

வில்லியம் வைலரின் 'வூதரிங் ஹைட்ஸ்' (1939) பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கேத்தியும் ஹீத்கிளிஃபும் பக்கத்து லிண்டன் மாளிகையின் மதிலேறிக் குதித்து, ஜன்னலோரம் ஒண்டி நின்று உள்ளே நடக்கும் விருந்தைப் பார்க்கிறார்கள். இருவரும் ஒரே கண்ணாடியில் பார்த்தாலும் ஒரே காட்சியைப் பார்க்கவில்லை. அவளுக்கு அது ஆசை, அவனுக்கு அவமானம். நாய்கள் பாய்கின்றன. காயம்பட்ட அவளை உள்ளே தூக்கிச் செல்கிறார்கள். லாயக்காரப் பையனான அவனை விரட்டுகிறார்கள். பின்னால், அவள் பேசிய ஒரு வார்த்தை பொறுக்காமல் அவன் தன் இரண்டு கைகளாலும் கண்ணாடி ஜன்னலைக் குத்தி உடைப்பான். லாரன்ஸ் ஒலிவியே நாடகமேடைக்காரராகப் பெரிதாக நடிக்கும் இடங்கள் படத்தில் உண்டு. ரத்தம் வழியும் அந்தக் கைகளில் மட்டும் நடிப்பு இல்லை. கிரெக் டோலண்டின் ஒளிப்பதிவுக்கு ஆஸ்கர் கிடைத்தது. கலிபோர்னியக் குன்றுகளில் உண்டாக்கிய யார்க்‌ஷயர் அது என்பதை அவருடைய நிழல்கள் மறக்கடிக்கின்றன. இறந்த காதலர் ஆவிகளாகக் கைகோத்து நடக்கும் முடிவு தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்வின் வற்புறுத்திச் சேர்த்தது. வைலர் அதை எடுக்க மறுத்தார். வேறு ஆட்களை நடக்கவைத்துப் படமாக்கினார்கள். அந்த ஆறுதல் இன்றும் ஒட்டாமல் நிற்கிறது.

ஆனால் இந்தப் படத்தின் ஆழமான கதை திரையில் இல்லை. எமிலி பிராண்டேயின் நாவலில் ஹீத்கிளிஃப் கருத்த நிறத்தவன், எங்கிருந்தோ தூக்கிவந்த அனாதை. அந்த வேடத்தில் ஓர் ஆங்கிலேயர். அவனைத் தாழ்ந்தவன் என்று தயங்கி ஒதுக்கும் கேத்தியாக நடித்த மெர்ல் ஓபரான் 1911இல் பம்பாயில் பிறந்தவர், கல்கத்தாவில் வளர்ந்தவர். அவரை வளர்த்த ஷார்லட் இலங்கைக்காரி. அம்மா என்று மெர்ல் நம்பி வளர்ந்த அந்தப் பெண்மணி உண்மையில் பாட்டி; பெற்றவள் ஷார்லட்டின் சிறுவயது மகள். இது எதையும் ஹாலிவுட்டில் மூச்சுவிட முடியாது. வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் உறவைக் காட்டக்கூடாது என்பது தயாரிப்பு விதிகளில் எழுதப்பட்ட ஒன்று. ஆசியர் மீதும் அந்தத் தடை நடைமுறையில் விழுந்தது. டாஸ்மேனியாவில் பிறந்ததாகச் சொல்லிக்கொண்டார் மெர்ல். ஏறத்தாழ வாழ்நாள் முழுக்க அதையே சொன்னார்; 1979இல் இறந்தார். லண்டனில் தன்னோடு இருந்த ஷார்லட்டை வந்தவர்களிடம் வேலைக்காரி என்று அறிமுகப்படுத்தினார் என்றும் சொல்லப்படுகிறது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த ஜன்னல் காட்சியைப் பழையபடி பார்க்க என்னால் முடிந்ததில்லை. விருந்து மண்டபத்தின் ஒளி விழுந்த அந்த முகம், கேத்தியின் முகம் மட்டும்தானா? இந்தப் பக்கம் ஏறி வருவதற்கு எதையெல்லாம் கீழே விட்டுவர வேண்டும் என்பதை அந்தப் படப்பிடிப்புத் தளத்தில் அவரைவிட நன்றாக அறிந்தவர் இருந்திருக்க முடியாது.

மாக்ஸ் ஒஃபூல்ஸ் இயக்கிய 'லெட்டர் ஃப்ரம் அன் அன்னோன் வுமன்' (1948) வெளிப்படையாக வர்க்கக் கதை அல்ல. ஸ்டெஃபான் ஸ்வைக்கின் குறுநாவல். வியன்னாவில் ஓர் இசைக்கலைஞனை வாழ்நாள் முழுக்கக் காதலித்தவளின் கடிதம். ஆனாலும் பாருங்கள்: அதே கட்டடத்தில் குடியிருக்கும் சிறுமி லிசா, அவன் வெளியே போகும்போது கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டு அதன் பின்னால் ஒடுங்கி நிற்கிறாள். அவனுக்கு அவள் கதவு திறந்தவள், அவ்வளவுதான். மாடிப்படியின் உச்சியிலிருந்து ஓர் இரவு, அவன் வேறொருத்தியோடு ஏறி வருவதைப் பார்க்கிறாள். வருடங்கள் கழித்து அதே கோணத்தில் கேமரா நிற்கிறது. இப்போது அவனோடு படியேறுபவள் லிசா. மேலே பார்த்துக்கொண்டிருக்க யாருமில்லை. வார்த்தை ஒன்றுகூட இல்லாமல், அந்த வரிசையில் தானும் ஒருத்தி என்பதை ஒஃபூல்ஸ் சொல்லிவிடுகிறார்.

பிற்காலப் படங்களில் எலியா கஸானின் 'ஸ்ப்ளெண்டர் இன் தி கிராஸ்' (1961) ஒன்றுதான் பணத்தை நேராகப் பார்த்தது. 1928இல் கான்சாஸ். எண்ணெய்க் கிணற்று முதலாளியின் மகன், மளிகைக்காரர் மகள். பிரிவில் மனம் சிதைந்த பெண்ணை மருத்துவமனையில் சேர்க்கப் பெற்றோர் தங்கள் எண்ணெய்ப் பங்குகளை விற்கிறார்கள். 1929இல் பங்குச்சந்தை சரிந்தபோது முதலாளி குடும்பம் அழிகிறது. முன்பே விற்றுவிட்டதால் இவர்கள் தப்பிக்கிறார்கள். மகளின் சித்தப்பிரமைதான் குடும்பத்தைக் காப்பாற்றியது. இதைவிடக் கசப்பான கணக்கைத் திரைக்கதையாசிரியர் வில்லியம் இஞ்ச் வேறெங்கும் எழுதியதில்லை. யாரும் சாகாத முடிவு. இருவரும் ஒரு பண்ணை வீட்டுச் சமையலறையில் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் பிரிகிறார்கள். 1970இல் வந்த 'லவ் ஸ்டோரி' அந்தத் துணிவைக் கைவிட்டது. பேக்கரிக்காரர் மகளுக்கும் பரம்பரைப் பணக்காரனுக்கும் நடுவில் இருந்த பிரச்சினையை ஒரு நோய் வந்து தீர்த்துவைக்கிறது. 'டைட்டானிக்' (1997) படத்தில் பனிப்பாறை. மூன்றாம் வகுப்புப் பயணிகள் பூட்டிய கம்பிக்கதவுகளின் பின்னால் நெருக்கியடிக்கும் காட்சிகள் அந்தப் படத்தில் உண்மையான கோபத்தோடு எடுக்கப்பட்டவை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட என்னை அலைக்கழிப்பது ஜார்ஜ் ஸ்டீவன்ஸின் 'எ பிளேஸ் இன் தி சன்' (1951). ஜார்ஜ் ஈஸ்ட்மன் என்ற ஏழை இளைஞன் பணக்காரப் பெரியப்பாவின் நீச்சலுடைத் தொழிற்சாலையில் வேலைக்கு வருகிறான். உடன் வேலை பார்க்கும் ஆலிஸுடன் விதியை மீறிப் பழகுகிறான், அவள் கருவுறுகிறாள். அதற்குள் ஏஞ்சலா விக்கர்ஸ் என்ற செல்வச் சீமாட்டி அவனை விரும்பத் தொடங்கிவிட்டாள். ஆலிஸை ஏரிக்குப் படகில் அழைத்துப் போகிறான். படகு கவிழ்கிறது, அவள் மூழ்கிப்போகிறாள், அவன் மின்நாற்காலிக்குப் போகிறான்.

ஜார்ஜாக வரும் மான்ட்கோமரி கிளிஃப்ட்டும் ஏஞ்சலாவாக வரும், அப்போது பதினேழே வயதான எலிசபெத் டெய்லரும் ஆடிக்கொண்டே பேசும் அந்தப் பிரமாண்டமான அண்மைக் காட்சிகள் திரை வரலாற்றில் இடம்பெற்றவை. முகங்கள் திரையை நிரப்பி வழிகின்றன. நமக்கும் மூச்சு திணறுகிறது. ஜார்ஜின் இருட்டு அறை ஜன்னலில் விக்கர்ஸ் என்ற பெயர் விளக்கெழுத்தில் மின்னி மின்னி அணைகிறது. படம் 6 ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது. திரைக்கதையாசிரியர்களில் ஒருவரான மைக்கேல் வில்சன், விருது கையில் வந்த நேரத்தில் இடதுசாரி என்று கறுப்புப் பட்டியலில் தள்ளப்பட்டிருந்தார்.

கதையின் வேர் தியோடர் டிரைசரின் 'ஆன் அமெரிக்கன் டிராஜடி' (1925). அதை 1930இல் பாரமவுன்ட் நிறுவனத்துக்காகச் சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைன் திரைக்கதையாக்கினார். சமூகமே குற்றவாளி என்பது அவருடைய வாசிப்பு; நிறுவனம் கைவிட்டது. வான் ஸ்டெர்ன்பர்க் 1931இல் அதை எடுத்தபோது, சமூகத்தை நீக்கிவிட்டுக் கொலைக் கதையை மட்டும் வைத்துக்கொண்டார்கள் என்று டிரைசர் வழக்குப் போட்டுத் தோற்றார். ஸ்டீவன்ஸ் படத்தில் சமூகம் திரும்பி வந்தது, ஆனால் ஆசையின் வடிவத்தில். நாமும் ஜார்ஜோடு அந்த ஜன்னலில் நின்று ஏஞ்சலாவையே பார்க்கிறோம். அந்த அளவுக்கு ஆலிஸ் நம் பார்வையை மறைக்கிறாள். ஆலிஸாக நடித்த ஷெல்லி விண்டர்ஸை மங்கலான உடையில், நச்சரிக்கும் குரலில் காட்டுகிறார்கள். படகுக் காட்சி வரும்போது அவள் இல்லாமல் போனால் தேவலை என்று அரங்கில் இருப்பவர் மனமும் ஒரு கணம் நினைத்துவிடுகிறது. ஸ்டீவன்ஸ் நம்மைக் கூட்டாளியாக்குகிறார் என்று இதைப் புகழ்பவர்கள் உண்டு. நானும் புகழ்ந்திருக்கிறேன். இப்போது அவ்வளவு நிச்சயமில்லை. கூட்டாளியாக்க அவளைக் கொச்சைப்படுத்தியிருக்க வேண்டியதில்லை.

ஏனென்றால் அவள் கற்பனை அல்ல; டிரைசரின் நாவலுக்கு மூலம் ஓர் உண்மை வழக்கு. நியூயார்க் மாநிலத்துக் கார்ட்லண்ட் நகரில் செஸ்டர் ஜில்லெட் என்பவன் பெரியப்பாவின் பாவாடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தான். அங்கே வேலை செய்த கிரேஸ் பிரவுன், விவசாயி மகள், 20 வயது, கருவுற்றிருந்தாள். 1906 ஜூலை 11இல் பிக் மூஸ் ஏரியில் அவள் உயிர் போயிற்று. 1908 மார்ச்சில் ஆபர்ன் சிறையில் அவனுக்கு மின்நாற்காலி. விசாரணையில் கிரேஸ் அவனுக்கு எழுதிய கடிதங்கள் உரக்கப் படிக்கப்பட்டன, கேட்டவர்கள் அழுதார்கள். வர்க்கம் கடந்த காதல் என்று நாம் சொல்லும்போது நினைவுக்கு வருவது ஏஞ்சலா. பெரியப்பாவின் பெயர் ஒட்டிய ஒருவனை ஆலைக்காரப் பெண் நம்பியதும் வர்க்கம் கடந்த காதல்தானே? அந்தக் காதலுக்கு ஸ்டீவன்ஸ் ஓர் அண்மைக் காட்சியும் வைக்கவில்லை.

ஒரு ஜன்னலை மட்டும் வைத்தார். மழை இரவு, ஆலிஸின் வாடகை அறை. ரேடியோவில் பாட்டு, இருட்டில் இருவரும் ஆடுகிறார்கள். கேமரா அவர்களை விட்டு விலகி, ஜன்னல் விளிம்பில் இருக்கும் ரேடியோவை நோக்கி மெதுவாகப் போகிறது. காட்சி கரைந்து விடிகிறது. எங்கோ சேவல் கூவுகிறது. ஜன்னல் அங்கேயே இருக்கிறது. படம் முழுவதிலும் அவளுடைய பக்கத்திலிருந்து, அவளுடைய அறைக்குள்ளிருந்து, நாம் பார்க்கும் ஜன்னல் அது. வெளியே பார்க்க எதுவும் இல்லை, விடியும் தெருவைத் தவிர.