கடாரத்து அரசனின் பௌத்தக் கொடையை ரசிப்பது எப்படி?

கடாரம் எனத் தமிழர் வழங்கிய கெடாவுக்கும் ஸ்ரீவிஜயத்துக்கும் அரசனான ஸ்ரீமாற விஜயோத்துங்கவர்மன், தன் தந்தை சூளாமணிவர்மனின் பெயரால் நாகப்பட்டினத்தில் ஒரு விகாரையை, அதாவது பௌத்தத் துறவியர் தங்கும் பள்ளியை, நிறுவினான். அவ்விகாரை இன்று இல்லை. ஆகவே அக்கொடையை ரசிக்க விரும்புவோர் அதன் ஆவணங்களிலிருந்தே தொடங்க வேண்டும்.

முதலில், லைடன் பெரிய செப்பேடுகள் எனப்படும் 21 ஏடுகளின் இரு பகுதிகளையும் ஒப்பிட்டுப் படிக்க வேண்டும். வடமொழியிலான 5 ஏடுகள் சோழ அரச மரபைப் புகழ்ந்து, விகாரை மேருவையும் விஞ்சியதென்று உயர்த்திப் பேசுகின்றன. தமிழிலான 16 ஏடுகளோ, சோழ மன்னன் முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலத்தைப் பள்ளிச்சந்தமாக, அதாவது சமண, பௌத்தப் பள்ளிகளுக்குரிய இறையிலி நிலமாக, விட்டதையும், 97 வேலிக்குச் சற்று மிகுந்த நிலத்துக்கு உரிய வரி 8,943 கலத்துக்கு மேற்பட்ட நெல் என்பதையும், பெண் யானையை நடத்தி எல்லை வகுத்த முறையையும் பதிவு செய்கின்றன. விகாரைக்குப் பெயர் தந்தவன் கடாரத்து அரசன். அதை நிலைநிறுத்தியது உழவர் விளைத்த நெல்.

அடுத்து, நாகப்பட்டினத்தில் 1856 முதல் கிடைத்த பௌத்தச் செப்புத் திருமேனிகளைக் காண வேண்டும். சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளவற்றில், புத்தரின் தலையுச்சியில் எழும் தீச்சுடரை முதலில் நோக்கினால் அவ்வூர்ச் சிற்பிகளின் பாணி புலப்படும்.

மூன்றாவதாக, கெடாவின் தென்கோடியிலுள்ள பண்டார் பாரு வட்டாரத்து வாசகர்கள் வடக்கே மெர்போக்கில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்குச் செல்லலாம். அங்குள்ள புக்கிட் பத்து பஹாட் சண்டி, அதாவது பழங்கோயில், சைவக் கோயிலாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. மரத்தாலான கூரை அழிந்துவிட்டதால், தூண்களைத் தாங்கிய கல் ஆதாரங்களைக் கொண்டே மேற்கட்டுமானத்தை மனத்தில் எழுப்பிக்கொள்ள வேண்டும். சைவமும் பௌத்தமும் ஒரே வணிகக் கரையில் அடுத்தடுத்து வளர்ந்ததை அப்பள்ளத்தாக்கின் தொல்பொருள்கள் காட்டுகின்றன.

தன் தந்தை இராசராசனின் கொடையைச் செப்பேட்டில் பொறித்து உறுதிசெய்த இராசேந்திரனே 1025இல் கடாரத்தின்மீது படையெடுத்தான். எனினும் 1090இல், கடாரத்து அரசனின் தூதர் வேண்டியதன்பேரில், முதலாம் குலோத்துங்கன் அவ்விகாரைக்குரிய ஊர்களின் உரிமையை மீண்டும் உறுதிப்படுத்தினான். எனவே இக்கொடையைப் பக்தியாக மட்டுமோ அரசியலாக மட்டுமோ கொள்ளாமல், கடல் வணிகம், நட்பு, போர் ஆகிய மூன்றையும் சேர்த்துப் படிப்பவரே அதை முழுமையாக ரசிப்பர்.